பூவளப்பில் வீடு – 14: கிண்டித் தண்ணீர்

“உம்மா, நனைஞ்ச படுக்கைக்கு மலக்குகள் வருவாங்களா?”

போன வெள்ளிக்கிழமை விடிந்த பிறகு நிதா இப்படிக் கேட்டாள். ஹஃப்ஸத் ஈர விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “மெதுவாப் பேசு, யாராவது கேட்டுடப் போறாங்க” என்று மட்டும் சொன்னாள். வானவர்களைப் பற்றிக் கேட்ட குழந்தைக்கு மனிதர்களைப் பற்றிய பயத்தைத்தான் அவளால் கொடுக்க முடிந்தது.

எட்டு வயது நிதாவுக்கு இது முதல் ரமலான் நோன்பு. கடமையில்லாத வயதுதான். ஆனால் பெரியம்மா சவுதாவின் கடைசி மகன் ரிஷான் பத்து வயதில் ஒன்று விடாமல் பிடிக்கிறான் என்றதும் இவளும் பிடிவாதமாகப் பிடித்தாள். வீடே அவளைக் கொண்டாடியது. சமையலறைக் கதவின் பின்புறம் இருவர் பெயரிலும் சாக்குக்கட்டியால் நாளுக்கொரு கோடு விழுந்தது.

நான்காவது கோட்டோடு தொல்லை ஆரம்பித்தது. விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு, சுப்ஹு தொழுது, மறுபடி படுப்பவள் எழும்போது படுக்கை நனைந்திருந்தது. அதற்கு முன்பும் உண்டு. ஆனால் மாதத்துக்கு ஒன்று இரண்டு என்று குறைந்து, இனி நின்றுவிடும் என்று ஹஃப்ஸத் நிம்மதியாக இருந்த நேரம் அது. இப்போது பதினேழு நோன்புக்குள் பத்துத் தடவை. தோஹாவில் இருக்கும் கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை. மற்றவர்கள் எழுவதற்குள் விரிப்பை அலசி, பலாமரத்துக்கு அந்தப் பக்கம் உலர்த்தி, அறையில் அத்தர் தெளித்து மறைத்து வந்தாள்.

இன்று மறைக்க முடியவில்லை.

இன்று கடைசித் தங்கை ஷம்னாவின் மாமியார் மாஹியிலிருந்து நோன்பு திறக்க வருகிற நாள். ஷம்னாவுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். பூவளப்பில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டிலேயே இருப்பவர்கள். புதியாப்பிள்ளைதான் வந்து போவார். அவருக்காக அலங்கரித்த மணியறைதான் தலச்சேரியில் ஒரு வீட்டின் மானம். மாப்பிள்ளையின் உம்மா முதல் ரமலானுக்கு வந்தால் அந்தக் கட்டிலில் உட்காரவைத்து முட்டைமாலை இனிப்பு பரிமாறியாக வேண்டும்.

புதியாப்பிள்ளை ரமீஸ் வியாபாரமாகப் பெங்களூர் போயிருந்தார். தனியாக இருந்த ஷம்னா நேற்று, “என்கூட மணியறையில படுத்துக்கோ மோளே” என்று நிதாவைக் கூட்டிப் போய்விட்டாள். வேண்டாம் என்று ஹஃப்ஸத் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

காலை எட்டு மணி. முட்டைமாலைக்காக நாற்பது முட்டைகளின் மஞ்சள் கருவைப் பிரித்துக்கொண்டிருந்தாள் ஹஃப்ஸத். வாசற்படியில் நிதா நின்றாள். பாவாடையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“உம்மா…”

அந்த ஒரு சொல் போதும்.

மணியறையில் ஷம்னா இல்லை, குளிக்கப் போயிருந்தாள். சரிகை வைத்த கொசுவலைக்கு உள்ளே, கோழிக்கோட்டிலிருந்து வந்த புது மெத்தையில் ஒரு முறம் அகலத்துக்கு ஈரம். பச்சை வெல்வெட் விரிப்பு மட்டும் நாற்காலியில் மடித்துக் கிடந்ததால் தப்பியது. ஹஃப்ஸத் மெத்தையைத் தனியாகப் புரட்டப் பார்த்தாள். அசையவில்லை.

“நிதா மணியறையில மூத்திரம் போயிட்டா!” ஜன்னலில் ரிஷானின் முகம். “நோன்பு முறிஞ்சுது! பதினேழாவது கோட்டை அழிங்க!”

“நோன்பு அதால முறியாதுடா. வாயை மூடிக்கிட்டுப் போ!” என்று ஒரு குரல் அவனை விரட்டியது.

வாசலில் சவுதா நின்றாள். உம்மா மௌத்தான பிறகு இந்த வீட்டின் சாவிக்கொத்து மூத்த மகள் சவுதாவின் இடுப்பில்தான். தங்கைகள் “இத்தா” என்று கூப்பிடும் அந்த அக்கா உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கட்டிலைப் பார்த்தாள்.

“எத்தனை நாளா நடக்குது?”

“இன்னைக்குத்தான் இத்தா.”

“நோன்பு வாயால பொய் சொல்லாதே. பலாமரத்துக்கு அந்தப் பக்கம் தினமும் ஒரு விரிப்பு காயுது. எனக்குக் கண்ணு இல்லையா?” சவுதா குரலைத் தாழ்த்தினாள். அது இன்னும் சுட்டது. “மாஹிக்காரங்க வர்ற நாளாப் பார்த்து! மணியறையில அசுத்தம்னு ஒரு வார்த்தை வெளியில போனா ஷம்னா தலை நிமிர முடியுமா? சுத்தம் போனா தொழுகை போச்சு. எட்டு வயசுப் பொண்ணுக்கு இதுகூடச் சொல்லித் தரலையா நீ?”

ஹஃப்ஸத்தின் காது மடல்கள் எரிந்தன. முன்பெல்லாம் சவுதா இப்படி இல்லை. அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். இந்த ஒரு வருடமாகச் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் பெண்கள் இரவில் கூடித் தொழும் தராவீஹுக்கும் போவதில்லை. எங்கே போனாலும் மடித்த துவாலை ஒன்று கக்கத்தில். பொறுப்பு வந்தால் கடுமையும் வரும் போலிருக்கிறது என்று ஹஃப்ஸத் நினைத்துக்கொள்வாள்.

சவுதா நகர்ந்ததும் வெட்கமெல்லாம் கோபமாகத் திரண்டது. குழந்தையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“வெக்கமா இல்லே உனக்கு? இதுல நோன்பு வேற ஒரு கேடு!”

நிதா அழவில்லை. “தூங்கும்போது எனக்குத் தெரியலை உம்மா” என்றாள். “தெரிஞ்சா எழுந்துக்க மாட்டேனா?”

தலையில் துண்டோடு வந்த ஷம்னா நிலைமையைப் பார்த்து ஒரு நொடி திகைத்தாள். பிறகு, “மெத்தைதானே, வெயில்ல காயும். பிள்ளைய விடு இத்தா” என்றாள். இருவருமாக மெத்தையை மாடிக்குத் தூக்கினார்கள். ஹஃப்ஸத்தின் சொந்த மெத்தை மணியறைக் கட்டிலுக்கு வந்தது. அதன் மேல் வெல்வெட் விரிந்ததும் வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

நிதா மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தெரிஞ்சா எழுந்துக்க மாட்டேனா? அந்தக் கேள்வி ஹஃப்ஸத்தை விடவில்லை.

“புதினா வாங்கிட்டு வர்றேன். பிள்ளைக்குச் செருப்பும் அறுந்துபோச்சு” என்று சவுதாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இரண்டாவது பொய். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய பெண்ணிடம் “காய்ச்சல்” என்றாள். அது மூன்றாவது. மனசுக்குள் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டே டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

டாக்டர் சுமங்கலா கதவைச் சாத்திவிட்டு வந்து, ஹஃப்ஸத்திடம் அல்ல, நிதாவிடம் பேசினார்.

“உன் வகுப்புல எத்தனை பேரு?”

“நாப்பது.”

“அதுல உன்னை மாதிரி இன்னும் ஒருத்தரோ ரெண்டு பேரோ இருப்பாங்க. யாருன்னு உனக்குத் தெரியாது. நீ யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. எல்லாரும் தான் ஒருத்தர் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க.”

நிதா முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

டாக்டர் நிறையக் கேட்டார். பகலில் எரிச்சல் உண்டா, மலச்சிக்கல் உண்டா, எப்போது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள்? ஹஃப்ஸத் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நோன்பு திறந்ததும் சர்பத்தும் ரவைக்கஞ்சியும். தராவீஹுக்குப் பிறகு ஜீரகக்கஞ்சி. ஸஹரில், பகலில் தாகம் எடுக்கக் கூடாதே என்று, அவளே பக்கத்தில் நின்று குடிக்கவைக்கிற மூன்று டம்ளர் தண்ணீர்.

“மூணு டம்ளர். அப்புறம்?”

“சுப்ஹு தொழுதுட்டுத் தூங்கிடுவா…”

சொல்லும்போதே ஹஃப்ஸத்தின் குரல் தேய்ந்தது. அந்த மூன்று டம்ளரையும் ஊற்றிக் கொடுத்த கை அவளுடையது. விடிந்ததும் குழந்தையை உலுக்கியதும் அதே கை.

“பகல் முழுக்கக் குடிக்க வேண்டியதை ராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவுல ஊத்திட்டீங்க. இவ தூக்கமோ கும்பகர்ணத் தூக்கம். மூத்திரப்பை நிறைஞ்சுதுன்னு உடம்பு சொல்றது இன்னும் இவ மூளைக்கு எட்டலை. சில பிள்ளைகளுக்கு அது எட்ட நாளாகும். சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. திட்டினா நிக்காது, பயம்தான் கூடும்.” டாக்டர் காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். “காலையிலயும் மத்தியானமும் நல்லாக் குடிக்கட்டும். பொழுது சாய்ஞ்சா குறைச்சுக்கட்டும். பள்ளிக்கூடத்துல அடக்கி வைக்கக் கூடாது. படுக்கப் போறப்போ ஒரு தடவை போகணும். மெத்தைக்கு மேல ரப்பர் விரிப்பு போடுங்க. நனைஞ்சா அவளும் கூட வந்து துணி மாத்தட்டும், தண்டனையா இல்லாம. நனையாத நாளை அவளே நோட்டுல குறிக்கட்டும். இன்னைக்கு மூத்திரம் சோதிச்சுடலாம். ரெண்டு மாசம் கழிச்சும் குறையலைன்னா வேற வழி இருக்கு.”

“அப்போ நோன்பு?” என்றாள் நிதா.

“அதை உம்மாகிட்ட கேளு.”

ஹஃப்ஸத் மகளின் தலைத்துணியைச் சரிசெய்தாள். “உனக்குக் கடமையில்லாததை நாங்க ஆசைப்பட்டு உன் மேல ஏத்தினோம். பெரியவளானப்புறம் பிடிக்கலாம். இப்போ தண்ணி குடி.”

டாக்டர் ஒரு டம்ளரை நீட்டினார். நிதா வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி, திருடிக் குடிப்பதுபோலக் குடித்தாள். ஹஃப்ஸத் அந்தச் சின்ன முதுகையே பார்த்தாள்.

“இது குடும்பத்துல வர்றதும் உண்டு” என்றார் டாக்டர். “வீட்ல வேற யாருக்காவது சின்ன வயசுல இருந்துச்சா?”

“இல்லை.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான்காவது பொய். சுவரைப் பார்த்து நின்ற முதுகு இன்னும் திரும்பவில்லை.

“இருந்துச்சு டாக்டர்” என்றாள் ஹஃப்ஸத். “எனக்கு. ஒம்பது வயசு வரைக்கும்.”

முதுகு திரும்பியது. நிதாவின் உதட்டுக்கு மேல் தண்ணீர் மீசை. “உங்களுக்கா உம்மா?”

முப்பது வருடமாக ஒரு மனிதரிடமும் சொல்லாதது அது. சொன்ன பிறகு தரை பிளக்கவில்லை. டாக்டர் அதை ஒரு வரியாக எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

“பிள்ளைக்குன்னா அம்மாக்கள் எப்படியாவது கூட்டிட்டு வந்துடறீங்க” என்றார் எழுதியபடியே. “உங்களுக்கே வந்தா ஒருத்தரும் வர்றதில்லை. மூணு நாலு பெத்தவங்களுக்கு இருமினா, சிரிச்சா மூத்திரம் கசியறது எவ்வளவு சாதாரணம் தெரியுமா? அதுக்குப் பயிற்சி இருக்கு, மருந்து இருக்கு. வெக்கத்துக்குத்தான் மருந்து இல்லை. சிரிக்கறதையே நிறுத்திட்டு வீட்டுக்குள்ள இருந்துடறாங்க.”

ஹஃப்ஸத் அதைக் காதில் வாங்கினாள். மனசில் வாங்கவில்லை. மகளுடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் நிதா ஒட்டி உட்கார்ந்தாள். “உங்களை யார் திட்டினாங்க?”

“யாரும் திட்டலை. உன் மூத்தும்மா காப்பாத்திட்டா.”

“சவுதா மூத்தும்மாவா?”

கடற்கரைச் சாலை முழுவதும் ஹஃப்ஸத் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. சவுதா பத்தொன்பது வயதுப் புதுப்பெண். இதே மணியறை. சவுதாவின் கட்டிலில் தூங்கிப்போன ஹஃப்ஸத் அதை நனைத்துவிட்டாள். வெளியே மாப்பிள்ளையின் உம்மா வந்து இறங்கும் சத்தம். சவுதா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கைகழுவ வைத்திருந்த பித்தளைக் கிண்டியை எடுத்து, மூக்கு வழியாக அல்ல, வாய் வழியாக அப்படியே மெத்தையில் கவிழ்த்தாள். ஓடிவந்த சவுதாவின் உம்மா, வந்தவர்கள் முன்னாலேயே மகளைத் திட்டினார்: கை காலில் நிதானம் இல்லாதவள் என்று. சவுதா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

“அன்னைக்கு நானும் உன்னை மாதிரி ஒண்ணு கேட்டேன். நனைஞ்ச மெத்தைக்கு மலக்கு வருமான்னு.”

“மூத்தும்மா என்ன சொன்னாங்க?”

“வரும். நனையாத ஓரமாப் பார்த்து உக்காந்துக்கும். பச்சைப் பிள்ளைங்களோடயே இருக்கறவங்களுக்கு இதெல்லாம் புதுசான்னு சொன்னா.”

நிதா நிமிர்ந்து பார்த்தாள். “அப்போ இன்னைக்குக் காலையில ஏன் அப்படிப் பேசினாங்க?”

ஹஃப்ஸத்துக்குள்ளும் அதே கேள்விதான். முப்பது வருடத்தில் ஒரு நல்ல மனசு எப்படி இறுகிப்போகும்?

சாயங்காலம் வீடு மணத்தது. முழுக்கோழி நெய்யில் பொரிய, வாசலில் கார் வந்து நின்றது. மாமியார் நபீசும்மா பருத்த உடம்பும் பெரிய குரலுமாக இறங்கினார். பாங்கு சொன்னதும் பெண்கள் மணியறையில் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார்கள். கட்டிலில் நபீசும்மா, பக்கத்தில் வீட்டுக்குப் பெரியவள் என்ற முறையில் சவுதா. சவுதா நாற்காலியில் உட்காரப் போனாள். நபீசும்மா விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து வெல்வெட்டில் உட்காரவைத்தார். ஹஃப்ஸத் கிண்டியோடு நின்று எல்லோர் கைக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

“யாரு எத்தனை நோன்பு?” என்றார் நபீசும்மா, பிள்ளைகளைப் பார்த்து.

“பதினேழு!” என்றான் ரிஷான். “நிதாவுக்கு இன்னைக்கு…”

சவுதாவின் முகம் வெளுத்தது. ஷம்னா கண்ணை மூடிக்கொண்டாள். நிதா உம்மாவின் சேலையைப் பிடித்தாள்.

“நிதாவுக்கு இன்னைக்கு நோன்பில்லை அம்மாயி” என்றாள் ஹஃப்ஸத், ரிஷானை முந்திக்கொண்டு. “பகல்ல தண்ணி குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. பதினாறு பிடிச்சா. சின்ன உடம்புக்கு அது போதும்.”

“பதினாறா! எட்டு வயசுல நான் நோன்புன்னு சொல்லிட்டுப் பத்தாயத்துக்குள்ள உக்காந்து வாழைப்பழம் தின்னவ! வெளியில வந்து மயக்கம் வர்ற மாதிரி நடிச்சேன். எங்க உம்மா விசிறி எடுத்து வீச, வாயைத் திறந்தா வாழைப்பழ வாசனை!”

அறை குலுங்கியது. நிதா சிரித்தாள். ஷம்னா சிரித்தாள். சவுதா உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பழைய சிரிப்பு, தெருமுனை வரை கேட்கும் அந்தச் சிரிப்பு பீறிட்டது. தொடர்ந்து இருமல். சட்டென்று எல்லாம் நின்றது.

“பெருநாளைக்கு இந்தப் பதினாறு நோன்புக்காரி மூணு நாள் எங்க வீட்ல வந்து தங்கணும். என் பேத்திகளோட ஒரே கட்டில்ல படுத்துக்கலாம்” என்றார் நபீசும்மா, நிதாவின் கன்னத்தைக் கிள்ளி. “முடியாதுன்னா நான் இங்கே சாப்பிடவேமாட்டேன்.”

நிதா உம்மாவைப் பார்த்தாள். உம்மா நிதாவைப் பார்த்தாள். பதில் வருமுன், “மக்ரிபுக்கு நேரமாச்சு” என்று யாரோ சொல்ல, எல்லோரும் எழுந்து தொழுகைப்பாய் விரித்திருந்த கூடத்துக்குப் போனார்கள்.

சவுதா எழவில்லை.

“வாங்க இத்தா” என்று ஷம்னா கூப்பிட்டாள்.

“நீங்க போங்க. நான்… வர்றேன்.”

ஹஃப்ஸத் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். சவுதா கட்டில் விளிம்பில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில். துவாலை எட்டாத தூரத்தில், நாற்காலியில். காலையில் சமையலறை வாசலில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் எதுவோ, அதே முகம் இந்த நாற்பத்தொன்பது வயதுக்காரிக்கும் இருந்தது.

சிரிக்கறதையே நிறுத்திட்டு வீட்டுக்குள்ள இருந்துடறாங்க. டாக்டர் சொன்னது இப்போதுதான் மனசில் இறங்கியது. தராவீஹுக்குப் போகாதது, நாற்காலியைத் தேடியது, கக்கத்துத் துவாலையைப் பிரியாதது, எல்லாம் சேர்ந்தே இறங்கியது. ஒரு வருடம். ஒரே வீட்டில். தன் வெட்கத்தை மறைப்பதிலேயே கண்ணாயிருந்ததில் அக்காவின் வெட்கம் கண்ணில் படவில்லையே!

கூடத்திலிருந்து நபீசும்மாவின் குரல் வந்தது. “சவுதா எங்கே? வரிசை நிக்குது.”

“நான் போய்ப் பார்க்கறேன்” என்று ஷம்னாவின் காலடி நெருங்கியது.

ஹஃப்ஸத் நான்கே எட்டில் கட்டிலருகே வந்தாள். கையில் கிண்டி இருந்தது. மூக்கு வழியாக ஊற்றவில்லை. வாய் வழியாக, சவுதாவின் மடியிலும் பச்சை வெல்வெட்டிலும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தாள்.

சவுதா மூச்சை இழுத்துப் பிடித்துத் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். ஹஃப்ஸத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துவாலையை எடுத்து அவள் மடியில் போட்டாள். டாக்டரின் பெயரும் நேரமும் அச்சிட்ட சீட்டு இடுப்பில் இருந்தது. அதையும் துவாலையின் மடிப்புக்குள் வைத்தாள். சவுதாவின் ஈரக் கை தங்கையின் விரல்களை அழுத்திப் பிடித்து, விட்டது.

“அய்யோ, கை வழுக்கிடுச்சே!” என்று ஹஃப்ஸத் கத்தினாள். “இத்தா முழுக்க நனைஞ்சுட்டா! குளிச்சு மாத்திட்டுத்தான் தொழ முடியும், நீங்க ஆரம்பிங்க!”

சவுதா துவாலையைப் போர்த்திக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தபோது ஷம்னா உள்ளே வந்தாள். சொட்டச் சொட்ட நனைந்த மணியறைக் கட்டிலைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஒரே நாள்ல ரெண்டு மெத்தை! கை கால்ல நிதானமே இல்லையா உனக்கு?”

முப்பது வருடங்களுக்கு முன் இதே அறையில் இன்னொருத்தி கேட்டுக்கொண்ட வசவு. ஹஃப்ஸத் காலிக் கிண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கடைசிச் சொல்வரை கேட்டுக்கொண்டாள்.